என்னிடம் நின்றுபோன சுற்று நோட்டு

பிள்ளைகளின் நோட்டில் சிவப்பு மையால் ஒரு கோடு கூட இழுக்காமல் காலம் முழுக்க வாத்தியார் வேலை பார்த்த ஆள் என்று எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். பள்ளிக்கூடம் முழுக்க அவரைத் தீதி என்று கூப்பிடும். அங்கே தமிழ் பேச எனக்கு அவரும் அவருக்கு நானும்தான் என்பதால் எனக்கு மட்டும் அவர் அக்கா.

போர்ட் பிளேயரிலிருந்து பஸ் ஏறிப் போனால் வரும் கராச்சர்மாவுக்குக் கொஞ்சம் தள்ளி, தகரக் கூரை போட்ட நடுநிலைப் பள்ளி. அறுபதுகளின் நடுவில் அங்கே நான் வேலைக்குச் சேர்ந்தேன். என் வீட்டுக்காரருக்கு ஆபீஸில் அந்தமானுக்கு மாற்றல் போட்டதும் மதுரையிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடும் நிறைய அழுகையோடும் கப்பல் ஏறி வந்தவள் நான். எங்கள் பிள்ளைகளுக்கு வீட்டில் ஒரு பாஷை. வங்காளியோ தெலுங்கோ மலையாளமோ, ராஞ்சிப் பக்கத்துப் பேச்சோ. தெருவில் இறங்கினால் இந்தி. ஆறாம் வகுப்புக்கு வந்ததும் நோட்டில் இங்கிலீஷ். அந்த மூன்றாவது பாஷையில் அவர்கள் எழுதும் கட்டுரைகளைத் திருத்துவது எனக்கும் அக்காவுக்கும் வேலை.

அக்கா திருத்த மாட்டார், படிப்பார். தூத்துக்குடியில் அவர் அப்பா வள்ளம் கட்டுகிற தச்சர். அவரைப் பார்த்துப் பழகியதோ என்னவோ, மகளும் காதில் ஒரு பென்சிலைச் சொருகிக்கொண்டே திரிவார். நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, யாரோ தனக்குக் கடுதாசி போட்டிருக்கிற மாதிரி படிப்பார். நடுவில் சிரிப்பார். "அட பாவிப்பயலே" என்று நோட்டைப் பார்த்துச் சொல்வார். முடித்ததும் காதிலிருந்து பென்சிலை எடுத்து அடியில் ஒரே ஒரு கேள்வி எழுதுவார். அப்புறம் மாடு கிடைத்ததா? உன் அண்ணன் ஏன் படகில் ஏறவில்லை? மறுநாள் பிள்ளை அதற்குக் கீழே பதில் எழுதிக் கொடுக்கும். அக்கா மறுபடி கேட்பார். சில பிள்ளைகளோடு இப்படி ஒரு வருஷம் பூராவும் எழுத்திலேயே பேச்சு ஓடும்.

"எழுதுனவனுக்கு ஒரு காரணம் இருக்கும்ட்டி" என்பார். இதை அவர் பிள்ளைகளோடு நிறுத்திக்கொள்வதில்லை. அபர்தீன் பஜாரில் ஏதாவது கடைப் பலகை கோணல்மாணலாக எழுதியிருந்தால் நான் சிரிப்பேன், அக்கா உள்ளே போய் எழுதியவர் யார், எந்த ஊர் என்று விசாரித்துவிட்டு வருவார். அவருடைய அண்ணன் ஊரிலிருந்து போடும் கடிதத்தில் முதல் பக்கம் பூராவும் மீன் விலை, வலை விலை, கோவில் திருவிழா. அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனது கடைசி வரியில் இருக்கும்.

"என்னக்கா இது, இதையல்லவா முதல்ல எழுதணும்?" என்றேன் ஒரு நாள்.

"அவன் துக்கத்தைக் கடைசியிலதான் வைப்பான். அதுக்கு முன்னால நம்மளைக் கொஞ்சம் ஆசுவாசப்படுத்துதான். நான் தாவிப் போயி கடைசி வரியைப் படிக்க மாட்டேன். அவன் வச்ச எடத்துல வச்சே படிப்பேன்."

எனக்கு அந்தப் பொறுமையெல்லாம் கிடையாது. ஒரு புட்டி சிவப்பு மை எனக்கு ஒரு மாதம் வராது. சேர்ந்த புதிதில் நான் திருத்திய நோட்டைப் பார்த்தால் பிள்ளைக்கு மூக்குடைந்து ரத்தம் கொட்டினது போல இருக்கும். அதில் எனக்குப் பெருமை வேறு.

எங்கள் இருவருக்கும் முதல் சண்டை சபிதாவின் கட்டுரையால் வந்தது. கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பெண். ஒல்லியாக, எண்ணெய் காணாத தலையோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். 'எங்கள் வீடு' என்று கட்டுரை கொடுத்திருந்தேன். சபிதா ஓடையில் ஆரம்பித்திருந்தாள். அப்புறம் ஓடைமேல் போட்ட மரப்பாலம், அதில் இரண்டாவது கட்டை உளுத்தது. அப்புறம் பக்கத்து நிலத்துக்காரரின் செவலை மாடு, அது முட்டாது. அப்புறம் ஒரு பலாக்கன்று. ஒன்றரைப் பக்கம் இப்படியே போய், கடைசியில் ஒரே வரி: அதற்கப்புறம் எங்கள் வீடு. வீட்டைப் பற்றி வேறு ஒரு வார்த்தை இல்லை. நான் குறுக்கே ஒரு கோடு இழுத்து 'வீட்டில் ஆரம்பி' என்று எழுதி, பத்துக்கு ஒன்று போட்டேன்.

அக்கா அதைப் படித்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வாரேன். இவ வீட்டுக்குப் போவமா?" என்றார்.

போனோம். பஸ்ஸை விட்டு இறங்கினால் சபிதா ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தாள். அந்தக் குடியேற்றத்தில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. காட்டை வெட்டிக் கொடுத்த நிலம், மேடும் பள்ளமும். வீடு எதுவும் ரோட்டிலிருந்து தெரியாது. ஆள் வருகிறது என்றால் வீட்டுப் பிள்ளை ரோட்டுக்கு வந்து கூட்டிக்கொண்டு போக வேண்டும். இல்லாவிட்டால் விருந்தாளியை மதிக்கவில்லை என்று அர்த்தம். சபிதா முன்னால் நடந்தாள். ஓடை வந்தது. "டீச்சர்ஜி, தூஸ்ரா லக்கடி மே பைர் மத் ரக்னா" என்று இரண்டாவது கட்டையில் கால் வைக்காமல் தாண்டச் சொன்னாள். மாடு நின்றது, முட்டாது என்றாள். பலாக்கன்று வந்தது. அதைத் தாண்டித் திரும்பினதும், மூங்கில் தட்டி வைத்து மண் பூசின ஒரு குடிசை. வாசலில் அவள் அம்மா முக்காடு போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். சபிதா ஒன்றும் சொல்லாமல் ஒதுங்கிக்கொண்டாள். வீட்டுக்குள் வந்த பிறகு பேசுவது அம்மாவின் வேலை.

அக்கா என் காதோரமாக, "பாத்தியா? கட்டுரையில அவ நம்மளக் கூட்டிட்டுல்லா வந்திருக்கா" என்றார்.

எனக்குப் புல்லரித்தது என்று சொன்னால் பொய். எரிச்சலாக இருந்தது. "பரீட்சைப் பேப்பர் திருத்துறவன் ஓடையத் தாண்டி வருவானாக்கா?" என்று கேட்டேன். நியாயமான கேள்விதான், அதுதான் அவரையும் தூங்கவிடாமல் பண்ணிக்கொண்டிருந்தது என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

அந்த ஓடையில்தான் சனிக்கிழமைக் கூட்டம் பிறந்தது என்று சொல்லலாம். சனிக்கிழமை அரை நாள் பள்ளி. மணி அடித்ததும் நாங்கள் ஐந்து வாத்தியார்கள் ஒரு வகுப்பறையில் உட்காருவோம். ஆளுக்கு ஒரு கட்டுரை கொண்டு வர வேண்டும், எழுதிய பிள்ளையின் பெயரைச் சொல்லக் கூடாது. ஒருவர் சத்தமாகப் படிக்க, மற்றவர்கள் இந்தப் பிள்ளை ஏன் இப்படி எழுதியிருக்கும் என்று யோசித்துச் சொல்ல வேண்டும். 'கலத்', அதாவது தப்பு, என்ற வார்த்தையை யார் வாயிலிருந்து விட்டாலும் அவர்தான் அன்றைக்கு எல்லோருக்கும் டீ போட வேண்டும். சொல்லத் தேவையில்லை, பெரும்பாலான சனிக்கிழமை அடுப்படியில் நான்தான். எங்கள் தெலுங்கு மாஸ்டருக்கு நான் போடும் இஞ்சி டீ ரொம்பப் பிடிக்கும். வேண்டுமென்றே என்னைச் சீண்டுவார். "மேடம், யே லட்கா தோ ஏக்தம் கோல்மால் லிக்கா ஹை, நை?" என்று, பையன் ஒரே குளறுபடியாக எழுதியிருக்கிறான் இல்லையா என்பார். அக்கா கண்ணைக் காட்டுவதற்குள் நான் "ஆமா, பூரா கலத்" என்றிருப்பேன். மற்ற நாலு பேரும் கை தட்டுவார்கள்.

கூட்டத்தில் பேசியதை எல்லாம் அக்கா ஒரு தடி நோட்டில் எழுதி வைப்பார். அதைத் தீவுகளுக்கு நடுவே போகிற கப்பலில் ரங்கத் வாத்தியார் ஒருவருக்கு அனுப்புவார். அவர் தன் பிள்ளைகள் எழுதினதைக் கீழே எழுதி கார் நிக்கோபாருக்கு அனுப்புவார். அங்கிருந்து ஒன்றிரண்டு மாதம் கழித்து, ஓரமெல்லாம் ஈரத்தில் ஊதிப்போய், எங்களிடம் திரும்பி வரும். சுற்று நோட்டு என்று அதற்குப் பெயர் வைத்தது அக்கா. கையில் கிடைத்தவர் கடைசி ஆளின் கேள்விக்குப் பதில் எழுதாமல் அடுத்தவருக்கு அனுப்பக் கூடாது. அதுதான் சட்டம். 'என் நண்பன்' என்று எழுதச் சொன்னால், தன்னோடு சாப்பிடுகிற எல்லார் பெயரையும் எழுதி வைத்த நிக்கோபார்ப் பிள்ளையை எனக்கு அந்த நோட்டு வழியாகத்தான் தெரியும். அப்போது சொல்லியிருக்க மாட்டேன், இப்போது சொல்கிறேன்: என் வாழ்க்கையில் நான் வேலையைப் பற்றி மனசு விட்டுப் பேசினது அந்தச் சில வருஷங்களில்தான்.

பிறகு பட்டியல் வந்தது. மேலேயிருந்து வந்த ஒரு அதிகாரி, இங்கிலீஷ் கட்டுரை எழுத வராத பிள்ளைகளைத் தனியாகப் பிரித்து 'சி' பிரிவு என்று போடச் சொன்னார். அவர்களுக்குக் காலையில் கொஞ்சம் பாடம், மிச்ச நேரம் தேங்காய் நார் கயிறு திரிக்கிற வேலை. மந்தப் பிள்ளைகளை வீணாகக் கஷ்டப்படுத்த வேண்டாம் என்பது அவருடைய கருணை. எங்கள் பள்ளியிலிருந்து இருபத்திரண்டு பேர். சபிதா மூன்றாவது.

அக்கா அவர் முன்னால் போய் நின்று, பிள்ளைகள் மந்தமில்லை, அவர்கள் சொல்கிற வழி வேறே, நாம் சொல்லிக்கொடுக்கும் வழியை அதோடு சேர்த்துத்தான் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று சொன்னார். அதிகாரி கெட்ட மனுஷர் இல்லை. "தீதி, நீங்க சொல்றது எனக்குப் புரியல. மெயின்லேண்ட்ல இந்த விஷயம் படிச்சவங்க நாலு பேர் ஆமான்னு எழுதிக் கொடுக்கட்டும். அதுவரைக்கும் பட்டியலை நிறுத்தி வைக்கிறேன்" என்றார். இருபத்திரண்டு பிள்ளைகளின் படிப்பு அந்த வாய்ச்சொல்லில் தொங்கியது.

மதராஸில் ஒரு பயிற்சிக் கல்லூரியில் இங்கிலீஷ் வாத்தியார்கள் கூடுகிறார்கள், தீதி போகலாமே என்று ரங்கத் வாத்தியார் சுற்று நோட்டில் எழுதியிருந்தார். அக்கா விண்ணப்பித்தார். வரச் சொல்லிப் பதில் வந்தது. அக்காவுடைய கட்டுரையும், கூடவே பிள்ளைகள் எழுதிய 'எங்கள் வீடு' கட்டுரைகளில் நாற்பதும், டைப் அடித்து நாலு பிரதி கொண்டு வர வேண்டும். எனக்கு டைப்பிங் தெரியும், மதுரையில் லோயர் பாஸ் பண்ணியிருந்தேன். என் வீட்டுக்காரர் ஆபீஸில் மிஷினைக் கேட்டு வாங்கினார். அக்கா நாற்பது நோட்டுகளையும் ஒரு தகரப் பெட்டியில் அடுக்கி என்னிடம் தந்தார்.

"உன் கையிலதாம்ட்டி இருக்கு. எனக்கு இந்த மிஷினைக் கண்டாலே பயம்."

அக்காவின் கட்டுரையை ஒரு எழுத்து மாற்றாமல் அடித்தேன். பிள்ளைகளுடையதில் முதல் இரண்டையும் அப்படியே அடித்தேன். மூன்றாவது சபிதாவினுடையது. ஓடை என்று அடித்ததும் விரல் நின்றுவிட்டது. மதராஸில் ஒரு பெரிய ஹால், மின்விசிறி, கோட்டுப் போட்டவர்கள், பட்டுப்புடவை கட்டிய லேடி லெக்சரர்கள் எல்லாம் என் கண் முன்னால் வந்தார்கள். அவர்கள் கையில் இந்த ஓடையும் மாடும். காகிதத்தை உருவி எறிந்துவிட்டுப் புதிசாக ஒன்று வைத்தேன். வீட்டை முதல் வரிக்குக் கொண்டு வந்தேன். அப்புறம் வாசல், அப்புறம் பலாக்கன்று, மாட்டையும் ஓடையையும் கடைசியில் ஒரு வரியில் சேர்த்தேன். படித்துப் பார்த்தேன், லட்சணமாக இருந்தது. முதல் இரண்டையும் எடுத்து மறுபடி ஒழுங்குபண்ணி அடித்தேன். நாற்பதும் முடிய எட்டு நாள் ஆயிற்று. போட்டோ பிடிக்கப் போகிற பிள்ளைக்குத் தலை சீவிப் பவுடர் போட்டு அனுப்புகிற மாதிரிதான் எனக்கு இருந்தது. அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. ஃபேர் காப்பி என்றால் சுத்தமாக்கிய காப்பி என்றுதான் நான் படித்த பள்ளிக்கூடத்திலும் சொல்லிக்கொடுத்தார்கள், என் வீட்டுக்காரர் ஆபீஸிலும் அதுதான் பழக்கம்.

கப்பல் புறப்படுகிற அன்றுதான் முடித்தேன். உப்புத் தண்ணீர் படாமல் இருக்க மெழுகுத்துணியில் வைத்துத் தைத்து, சாத்தம் ஜெட்டியில் கொண்டு போய்க் கொடுத்தேன். அக்கா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "என் வகுப்பையும் பாத்துக்கோ. சனிக்கிழமையை விட்டுறாத" என்றார்.

வகுப்பைப் பார்த்துக்கொண்டேன். ரொம்ப நன்றாகவே பார்த்துக்கொண்டேன். அக்கா திரும்பி வருவதற்குள் பட்டியலே தேவையில்லாமல் பண்ணிவிடலாம் என்று நினைத்து, 'எங்கள் வீடு' எப்படி எழுத வேண்டும் என்று போர்டில் எழுதிப்போட்டு எல்லோரையும் மனப்பாடம் பண்ண வைத்தேன். சனிக்கிழமையும் கூடினோம். மழைக்காலம். விறகு நனைந்து அடுப்புப் பற்றவில்லை. ஏதாவது பழைய காகிதம் இருக்கிறதா என்று எங்கள் பியூன் கேட்டார், ராஞ்சிக்காரர், பாவம், கண்ணெல்லாம் புகை. தகரப் பெட்டியைக் காட்டினேன். ஃபேர் காப்பி கப்பல் ஏறிவிட்டது, இனி ரஃப் காப்பி எதற்கு? ஆபீஸில் கிழித்துப் போடுவார்கள், நாங்கள் அடுப்புக்குப் போட்டோம். நாலு சனிக்கிழமை டீ அதில்தான் கொதித்தது. அந்த நாலு நாளும் நான்தான் போட்டேன், இஞ்சி தட்டி.

அக்கா திரும்பி வந்த கப்பலுக்கு நான் போயிருந்தேன். ஏணியில் இறங்கும்போதே சிரித்தார். இளைத்திருந்தார். டிரங்குப் பெட்டியைக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"கப்பல்ல ரெண்டாம் நாள் பிரிச்சுப் பாத்தேன் பிள்ளை. எல்லார் வீடும் முன்னால வந்து நிக்கு."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"இரு, சொல்லுதேன். எனக்கு ஞாபகம் இருந்த மட்டும் பிள்ளைகள் எழுதுனதைப் பென்சிலால மேலயே எழுதினேன். பதினஞ்சு வந்துச்சு. அங்க கொண்டுபோய்க் காட்டுனா, தலைமை தாங்குன பெரியவர் ரெண்டையும் பாத்துட்டுக் கேக்காரு. அடிச்சது ஒரு பெரியவங்க கை, மேல கிறுக்குனது இன்னொரு பெரியவங்க கை, இதுல குழந்தை எங்க இருக்குன்னு. நீங்களே எழுதிச் சேத்தீங்களான்னு ஒருத்தர் கேட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க."

"என் பேரைச் சொல்லியிருக்கலாமேக்கா."

"எதுக்கு? நகல் எடுத்ததுல மாறிப்போச்சுன்னேன். நல்ல மனுசரு அவரு. மூல நோட்டைக் கொண்டாங்க, அத வச்சுப் பாத்து எழுதித் தாரேன்னு சொல்லிட்டாரு. அதனால பரவால்லட்டி. அடுத்த கப்பல்ல நோட்டை அனுப்பிட்டா முடிஞ்சுது. எங்க வச்சிருக்க?"

ஜெட்டியில் கூலிக்காரர்கள் சாமான் இறக்கிக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். முழுசாகக் கூடச் சொல்லவில்லை. "ஃபேர் காப்பி போயிருச்சேன்னு... அடுப்புக்கு..." என்று சொல்லி நிறுத்தினேன்.

அக்கா காதிலிருந்த பென்சிலை எடுத்து முந்தானையில் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்:

"மழையா இருந்துச்சோ? விறகு நனைஞ்சுபோச்சோ?"

அவர் என்னைத் திட்டியிருந்தால் இத்தனை வருஷம் நான் இதைச் சுமந்திருக்க மாட்டேன்.

மறுநாள் காலையில் அவருக்கு இன்னும் ஒரு வழி தோன்றியிருந்தது. பிள்ளைகளையே திரும்ப எழுதச் சொன்னால் போயிற்று. வகுப்புக்குப் போய், எங்கள் வீடு, உங்களுக்குத் தோன்றுகிற மாதிரி எழுதுங்கள் என்றார். நான் கதவோரம் நின்றிருந்தேன். பிள்ளைகள் குனிந்த தலை நிமிராமல் மடமடவென்று எழுதினார்கள். எங்கள் வீடு அழகான வீடு. அதில் நான்கு அறைகள் உள்ளன. முன்னால் ஒரு பூந்தோட்டம் உள்ளது. எல்லா நோட்டிலும் அதே நான்கு அறைகள், அதே பூந்தோட்டம். சபிதா இன்னும் ஒரு படி மேலே போய் மின்சார விளக்கும் போட்டிருந்தாள். முடித்துவிட்டு, சரியாக இருக்கிறதா என்று அவள் என்னைத்தான் பார்த்தாள்.

அக்கா ஒவ்வொன்றாகப் படித்தார். சிரிக்கவில்லை. பென்சிலைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார். ஒரு நோட்டிலும் கேள்வி எழுதவில்லை. கேட்பதற்கு அதில் ஒன்றுமே இல்லை.

மதராஸிலிருந்து எழுத்து ஒன்றும் வராததால் அதிகாரி பட்டியலை மறுபடி கையில் எடுத்தார். மனப்பாடக் கட்டுரையை அவரிடம் காட்டினேன். வேறு தலைப்பு ஒன்று கொடுத்துப் பார்த்தார். பிள்ளைகள் திருதிருவென்று விழிப்பதைப் பார்த்துவிட்டு நோட்டை மூடினார். அடுத்த வாரம் பள்ளிக்குப் பின்னால் கீற்றுக் கொட்டகை போட்டார்கள். பாடம் நடத்தும்போது கயிறு திரிக்கிற சத்தம் என் வகுப்பு வரைக்கும் கேட்கும். அக்கா வேளை கிடைத்தபோதெல்லாம் கொட்டகைக்குப் போய் அந்தப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்துகொள்வார். இரண்டு வருஷம் பார்த்தார். பிறகு கார் நிக்கோபாருக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். சனிக்கிழமைக் கூட்டம் அதற்கு முன்பே நின்றிருந்தது. நான் டீ போடப் போகாததால் என்று தெலுங்கு மாஸ்டர் சொல்லிக்கொண்டிருந்தார், காரணம் அவருக்கும் தெரியும்.

அக்கா போய் நாலைந்து மாதம் இருக்கும். கப்பலில் எனக்கு ஒரு பொட்டலம் வந்தது. சுற்று நோட்டு. கடைசியாக எழுதியிருந்த பக்கத்தில், நான் சபிதாவுக்காக அடித்துக்கொடுத்த கட்டுரையின் கார்பன் காப்பியை ஒட்டியிருந்தார். வீட்டில் ஆரம்பித்து ஓடையில் முடிகிற கட்டுரை. அதன் அடியில் பென்சிலால் தமிழில் ஒரே ஒரு வரி: 'ஏன் வீட்டை முன்னால கொண்டு வந்தே?'

பிள்ளைகளிடம் கேட்பது போலவேதான் கேட்டிருந்தார். குத்தல் இல்லை. காரணம் தெரிய வேண்டும், அவ்வளவுதான். சட்டப்படி நான் பதில் எழுதி ரங்கத்துக்கு அனுப்பியிருக்க வேண்டும். எழுத உட்காருவேன். பிள்ளைகள்மேல் இருந்த பிரியத்தில் செய்தேன் என்று எழுதலாம் என்று பேனாவை எடுப்பேன், மூடி வைத்துவிடுவேன். ரங்கத் வாத்தியார் இரண்டு தடவை கடிதம் போட்டுக் கேட்டார். தேடிப் பார்க்கிறேன் என்று எழுதினேன். நோட்டு என் டிரங்குப் பெட்டியில், புடவைகளுக்கு அடியில் இருந்தது. மூன்று தீவு வாத்தியார்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டிருந்த பேச்சு என் பெட்டியில் நின்றுபோனது.

எழுபதுகளில் நாங்கள் போர்ட் பிளேயரில் டெய்ரி ஃபார்ம் என்கிற இடத்துப் பக்கம் குடிவந்திருந்தோம். ஒரு நாள் பஸ்ஸுக்கு நிற்கும்போது, இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். சபிதா. வேறொரு குடியேற்றத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கை இரண்டும் காய்த்துக் கிடந்தன. வீட்டுக்காரர், பயிர், மாமியார் என்று எல்லாம் சொல்லிவிட்டு, பஸ் வருகிற நேரத்தில் கேட்டாள்.

"டீச்சர்ஜி, மேரா காப்பி மதராஸ் கயா தா நா? உதர் கா லோக் க்யா போலா?"

தன் நோட்டு மதராஸுக்குப் போனதே, அங்கே இருக்கிறவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்கிறாள். நோட்டு போகவே இல்லை என்று அவளுக்குத் தெரியாது. நாலு சனிக்கிழமையில் எதிலோ ஒன்றில் அது டீயாகக் கொதித்தது என்றும் தெரியாது.

"பஹுத் அச்சா போலா" என்றேன். ரொம்ப நன்றாக இருக்கிறது என்று சொன்னார்களாம்.

சபிதாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. குழந்தையிடம் குனிந்து வங்காளியில் என்னவோ சொன்னாள். பஸ்ஸில் ஏறி, ஜன்னல் வழியாகத் திரும்பத் திரும்பக் கை காட்டிக்கொண்டே போனாள்.

அக்கா தன் ஊருக்கே போய் அங்கேயே இறந்துபோனார் என்று ரொம்ப நாள் கழித்துக் கேள்விப்பட்டேன். கடைசி வரைக்கும் காதில் பென்சில் இருந்ததா என்று கேட்க எனக்கு ஆளில்லை. நான் பிறகு எத்தனையோ பிள்ளைகளைப் பாஸ் பண்ண வைத்தேன், நல்ல டீச்சர் என்று பேர் வாங்கினேன். சிவப்பு மையை மட்டும் எப்போது விட்டேன் என்று எனக்கே நினைவில்லை.

நோட்டை இன்றைக்கு எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அக்காவின் வரிக்குக் கீழே பாதிப் பக்கம் காலியாகக் கிடக்கிறது. காலத்துக்கும் முதல் வரியில் விஷயத்துக்கு வா என்று பிள்ளைகளை அதட்டின நான், ஓடை, மரப்பாலம், மாடு என்று இவ்வளவு தூரம் சுற்றிக்கொண்டுதான் வந்திருக்கிறேன். தன் அண்ணன் கடிதத்திலேயே கடைசி வரிக்குத் தாவ மாட்டேன் என்ற அக்கா, இதையும் வைத்த இடத்தில் வைத்துத்தான் படிப்பார்.

பிரியமெல்லாம் இல்லை அக்கா. அந்தப் பிள்ளைகளை மதராஸ்காரர்களிடம் எங்கள் பிள்ளைகள் என்று காட்ட எனக்கு வெட்கமாக இருந்தது.